ஆட்-ஹாக் நெட்வொர்க்கில் பாக்கெட்டை விழுங்கும் நோடைக் கண்டுபிடித்து ஒதுக்குவது எப்படி?

எம்.இ. படித்தபோது என் ப்ராஜெக்டே இதுதான். பிடிப்பதைவிட, தப்பான ஆளைப் பிடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆட்-ஹாக் நெட்வொர்க் என்பது கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாக வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வது; அதில் ரூட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு நோடும், அதாவது கருவியும், அடுத்ததன் பாக்கெட்டையும் (டேட்டாவின் சிறு துண்டு) சுமக்க வேண்டும். சில நோடுகள் ரூட்டில் இடம் பிடித்துக்கொள்ளும், டேட்டா வந்ததும் அமுக்கிவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கவும் செய்யலாம், கெடுக்கவேண்டும் என்றும் செய்யலாம்.

2000-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த 'வாட்ச்டாக்' முறையிலிருந்து தொடங்குங்கள். ஏ, பி, சி என்று மூன்று நோடு. ஏ கொடுத்த பாக்கெட்டை பி வாங்கி சி-க்கு அனுப்பும்போது காற்றில் அது ஏ-க்கும் கேட்கும். ஏ தன் பஃபரில் உள்ள நகலோடு ஒப்பிடும். குறித்த நேரத்துக்குள் கேட்கவில்லையென்றால் பி கணக்கில் ஒரு தப்பு ஏறும். வரம்பு தாண்டினால் பாக்கெட்டை முதலில் அனுப்பிய சோர்ஸ் நோடுக்குத் தகவல் போகும்.

நான் இதை என்.எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ஓட்டியபோது, ஒரு பாவமும் செய்யாத நோடு ஒன்று மாட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள், நடந்ததையெல்லாம் பதியும் ட்ரேஸ் ஃபைலை வரிவரியாகப் பார்த்தேன். அந்த நோடு ஒழுங்காக ஃபார்வர்டு செய்த வரி இருந்தது. அதே நேரத்தில், காவல் காத்த நோடின் பெயரில் 'டி' (ட்ராப், அதாவது பாக்கெட் தவறியது) என்று தொடங்கும் வரி, காரணம் 'சி.ஓ.எல்.', அதாவது கொலிஷன். வேறொரு பக்கத்து நோடின் சிக்னல் வந்து மோதியதில் காவல் நோடின் காதில் எதுவும் விழவில்லை. பழி மட்டும் அங்கே போயிருக்கிறது.

இதற்கு மாற்று '2ஆக்' முறை. சி-யே இரண்டு ஹாப் (ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஹாப்) பின்னால் ஏ-வுக்கு ஒப்புகை அனுப்பும். டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் நடுவில் உள்ள பி அதைப் போலியாக உருவாக்க முடியாது. கூடுதல் பாக்கெட் செலவு உண்டு, ஆனால் ஒட்டுக்கேட்பதை நம்பியிருக்க வேண்டாம்.

சரி, பிடித்தாயிற்று. ஒதுக்குவது? வாட்ச்டாக்கோடு வந்த பாத்ரேட்டர், அந்த நோடு இல்லாத வழியைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடும். அந்த நோடின் சொந்த பாக்கெட்டுகளை மற்றவை சுமந்துகொண்டுதான் இருக்கும். சோம்பேறிக்கு இது பரிசு மாதிரி, என்னால் ஏற்கவே முடியவில்லை. 2002-இல் வந்த 'கான்ஃபிடன்ட்' முறை அந்தச் சேவையையும் நிறுத்தியது. ஆனால் நோடுகள் ஒன்றைப் பற்றி ஒன்று எச்சரிக்கை பரப்புவதால், பொய்ப் புகாருக்கு வழி திறந்தது. அதே ஆண்டின் 'கோர்' முறை நோடின் நடத்தைக்குத் தரும் மதிப்பெண்ணில் நல்லதை மட்டுமே பகிர்ந்தது, ஆகவே பொய்யாகக் கோள் சொல்ல இடமில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

நீங்கள் ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால், கெட்ட நோடே இல்லாத ஒரு ரன்னை முதலில் ஓட்டுங்கள். அதில் எத்தனை நோடுகள் குற்றவாளி ஆகின்றன என்று எண்ணிவிட்டு, அப்புறம் வரம்பை வையுங்கள்.