லண்டனா, பாரிஸா? முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் 9 நாள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வரும் மே மாதம் மனைவி, 14 வயது மகன், 68 வயது அம்மா ஆகியோருடன் 9 நாள் வெளிநாடு செல்ல எண்ணியுள்ளேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சைவம் மட்டுமே சாப்பிடுவார். லண்டன், பாரிஸ் இரண்டில் எது எங்களுக்குப் பொருந்தும்? இரண்டையும் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்காக இட்லிப்பொடியும் நெய்யும் கொண்டுபோகலாமா?”

தாயார் உடன் வராவிட்டால் தயங்காமல் பாரிஸ் என்று சொல்லியிருப்பேன். அவர் வருவதால் லண்டன் என்கிறேன்.

பாரிஸ் நடந்து பார்க்க வேண்டிய ஊர். நகர எல்லைக்குள் அதன் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர்தான். லண்டன் மாநகரமோ அதைப்போல 15 மடங்கு. 2019ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்தில் தொடங்கி, சேன் ஆற்றங்கரையோடு லூவ்ர் அருங்காட்சியகம், துய்லரி தோட்டம், கான்கார்டு சதுக்கம் என்று போய்க்கொண்டே இருப்பதில்தான் அந்த ஊரின் சுகம் இருக்கிறது. நடக்க இயலாதவருக்கு அதில் பாதி கிடைக்காமல் போய்விடும். மெட்ரோ இருக்கிறதே என்று கேட்கலாம். 1900இல் தொடங்கிய அந்த மெட்ரோவில் நிலையங்கள் நெருக்கமாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் படிகளைத் தவிர்க்க வழியில்லை. 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் வழித்தடம் மட்டுமே முழுவதுமாக லிஃப்ட் வசதி கொண்டது. ஷாத்லே போன்ற பெரிய நிலையத்தில் ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே முழங்கால் வலியுள்ளவருக்குத் தனிப் பயணம்.

லண்டன் சுரங்க ரயிலும் இதில் யோக்கியமில்லை. 1863இல் பிறந்த அந்த அமைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படியில்லாமல் போய்வர முடியும். ஆனால் லண்டனில் சுரங்க ரயிலை மறந்துவிட்டுப் பேருந்திலேயே ஊரைப் பார்க்கலாம். எல்லாப் பேருந்துகளும் தாழ்தளம் கொண்டவை. சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் உண்டு. டிரஃபால்கர் சதுக்கத்தின் அருகில் 15ஆம் எண் பேருந்தில் ஏறினால் செயின்ட் பால் தேவாலயத்தைக் கடந்து லண்டன் டவர் கோட்டை வரை அம்மா உட்கார்ந்தபடியே வந்துவிடலாம். மகனை மேல்தளத்தின் முன் இருக்கைக்கு அனுப்பிவிடுங்கள். ஒருமுறை 1.75 பவுண்டு கட்டணம் செலுத்திவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினாலும் மறுபடி கட்டணம் இல்லை. பேருந்தில் ரொக்கம் வாங்கமாட்டார்கள் என்பதால் தங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே இயக்கிவிட்டுப் புறப்படுங்கள்; ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். மகனுக்கு மட்டும் ஆய்ஸ்டர் அட்டை (முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் போக்குவரத்து அட்டை) வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பார்வையாளர் சலுகையைப் பதியச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயது வரை பாதிக் கட்டணம்.

இதைவிடப் பெரிய காரணம் அருங்காட்சியகங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய நான்கிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. வயதானவரோடு செல்பவருக்கு இதன் அருமை இரண்டாம் நாளே புரியும். அம்மா ஒரு மணி நேரத்தில் களைத்துவிட்டால் வெளியே வந்து தேநீர் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பலாம், விட்டதை நாளை பார்க்கலாம், பணம் போயிற்றே என்ற உறுத்தல் இருக்காது. லூவ்ரில் அது நடக்காது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும்) வெளியிலிருந்து வருவோருக்கு நுழைவுக் கட்டணம் 32 யூரோ. மகனுக்கு இலவசம் என்றாலும் பெரியவர் மூவருக்கு 96 யூரோ ஆகிறது. நேரத்தையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வளவு கொடுத்துவிட்டு மோனாலிசாவுக்கு முன் நிற்கும் கூட்டத்தில் அம்மாவை நிறுத்தி வைக்க யாருக்கும் மனம் வராது.

தமிழர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாரிஸில் கூட்டம் குறைந்த கிமே அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். எனக்கு லூவ்ரைவிட அந்த இடமே பிடிக்கும். ஆனால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டிலும் சோழச் செப்புத் திருமேனிகள் உண்டு, திப்புவின் மரப்புலியும் அங்கேதான் இருக்கிறது. அமராவதிச் சிற்பங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சாப்பாட்டில் லண்டன் எளிது. உணவகப் பட்டியல்களில் சைவ உணவைத் தனியே குறித்திருப்பார்கள். யூஸ்டன் நிலையத்தின் பக்கத்தில் உள்ள டிரம்மண்ட் தெருவில் இந்தியச் சைவ உணவகங்களே இருக்கின்றன. பாரிஸில் காய்கறி சூப் என்று வருவதும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அங்கே போனால் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷபேல் பக்கம் செல்லுங்கள். ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக உள்ள அந்தத் தெருக்களில் தமிழிலேயே கேட்டுத் தோசை சாப்பிடலாம்.

தங்குமிடத்தில் மட்டும் லண்டனை நம்பிவிட வேண்டாம். பேடிங்டன், எர்ல்ஸ் கோர்ட் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும் பல விடுதிகள் பழைய வீடுகளை மாற்றி அமைத்தவை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அறை தந்துவிடுவார்கள். லிஃப்ட் உண்டா, தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் செலுத்துங்கள்.

இரண்டு நகரங்களையும் பார்க்க முடியுமா என்றால், முடியும். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயிலில் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். ஆனால் விசா இரண்டு வேண்டும்: பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று. ஷெங்கன் விசாக் கட்டணம் தலைக்கு 90 யூரோ; 12 வயதைக் கடந்த மகனுக்கும் முழுக் கட்டணம் என்பதால் நால்வருக்கு 360 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தும் பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்தும் விண்ணப்பிக்கலாம்; ஒன்று முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் நாள் நெருக்கும். அப்படியும் மகன் ஈபிள் கோபுரத்தை விடமாட்டேன் என்றால், லண்டனில் இறங்கிப் பாரிஸிலிருந்து ஊர் திரும்பும்படி விமானச் சீட்டு எடுங்கள். லண்டனில் 5 இரவு, பாரிஸில் 3 இரவு. பாரிஸில் அம்மாவுக்கு 69ஆம் எண் பேருந்து. ஈபிள் கோபுரத்தின் அடியில் உள்ள ஷான் து மார்ஸ் பூங்காவிலிருந்து லூவ்ர் வழியாகப் பஸ்தீ வரை அது செல்கிறது. செவ்வாய்க்கிழமையும் மே 1ஆம் தேதியும் லூவ்ர் திறக்காது என்பதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இட்லிப்பொடியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய் கூடாது, இந்தியாவிலிருந்து பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவருவதைப் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்துள்ளன. பொடிக்கு நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.