மூன்றாவது அறுப்புக்குப் பிறகு புல் வெளிறுகிறதா? டானிக் கேனைத் திறக்காதீர்கள்

கேள்வி: அரூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் எண்ணெய் எடுக்கும் வாசனைப் புல்லான லெமன்கிராஸ் நட்டிருக்கிறேன். முதல் இரண்டு அறுப்பு நன்றாக வந்தது. மூன்றாவதுக்குப் பிறகு தூர் மெலிந்து புல் வெளிறிவிட்டது. புல் வாங்க வரும் ஏஜெண்ட் ஏக்கருக்கு நான்கு லிட்டர் ‘வளர்ச்சி டானிக்’ விடச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் புல்லுக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, பசிதான். நிலக்கடலையில் காயை எடுத்துக்கொண்டு கொடியை மாட்டுக்காவது போடுகிறோம். அது எருவாகத் திரும்பி வரும். இங்கே தழையேதான் மகசூல். அறுப்புக்கு அறுப்பு டன் கணக்கில் வண்டி ஏற்றி அனுப்புகிறீர்கள், நிலத்துக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை.

அறுத்த அன்றே யூரியா வீசாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் புதுத் துளிர் எட்டிப் பார்க்கும். அப்போது ஏக்கருக்கு 30 கிலோ வீதம் தூரைச் சுற்றிப் போட்டு உடனே தண்ணீர் கட்டுங்கள். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று சரியாகப் போகும். அதன் விலை 266 ரூபாய் 50 காசு. இரட்டிப்பாகப் போட்டால் புல் எடைதான் ஏறும், எண்ணெய் அந்த அளவுக்கு ஏறாது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால் இரண்டு டிராக்டர் மக்கிய எருவோடு சேர்த்துப் போட்டால் போதும்.

இனி அந்த டானிக். கேனைத் திருப்பி, தழைச்சத்து (நைட்ரஜன்) எத்தனை சதவீதம் என்று படியுங்கள். 5 என்று இருந்தால் ஒரு லிட்டரில் இருப்பது சுமார் 50 கிராம். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் இருக்கிறது. சதவீதமே போடாமல் பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் கேனைத் திறக்கவே வேண்டாம். புல் வாங்குகிறவரே மருந்தும் விற்றால் கணக்கு எப்போதும் அவர் பக்கம்தான். ‘எங்கள் டானிக் வாங்கினால்தான் புல் எடுப்போம்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடையிலும் இதே கதைதான். போன மாதம் என்னிடமே யூரியா வேண்டுமென்றால் ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்றார்கள். பில் கேட்டதும் பாக்கெட் தானாக உள்ளே போய்விட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு தூரை விலக்கிப் பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை மஞ்சளாகி நடுக்குருத்து பச்சையாக இருந்தால் மேலே சொன்ன யூரியா போதும். அப்படி இல்லாமல் குருத்து வெளிறி, இலை நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, யூரியாவால் தீராது. அந்த இடத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, கையில் வைத்துக்கொள்ளாமல் கீழே வைத்து, கழிவறை கழுவும் ஆசிட்டை இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். நம் பக்கம் ஒரே வயலில் ஒரு மூலை மட்டும் இப்படி இருப்பதும் உண்டு. அங்கே அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடும், வேருக்குக் கிடைக்காது. பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. முழு வயலுக்கும் வேண்டாம், அந்த மூலைக்கு மட்டும்.

‘மண் பரிசோதனை செய்யுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 2015ல் வந்த மண்வள அட்டையில் 12 விஷயம் பார்த்துச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நெல்லுக்கு இவ்வளவு, கடலைக்கு இவ்வளவு என்று அச்சடித்துத் தருகிறார்களே தவிர, வாசனைப் புல்லுக்கு ஒரு வரி நான் பார்த்த அட்டை எதிலும் இல்லை. அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேராகப் போய்க் கேளுங்கள். போகும்போது வெளிறிய தூர் ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள்.

அப்புறம், எண்ணெய் எடுத்த சக்கையை ஏஜெண்ட் சும்மா எடுத்துக்கொண்டு போகிறார் என்றால் அதைத் திருப்பிக் கேளுங்கள். பச்சையாக மண்ணுக்குள் புதைக்காமல், வரிசைக்கு இடையே மூடாக்காகப் பரப்பி விடுங்கள்.