மணிமுத்தாறு அருவியில் நீந்தலாமா?

கேள்வி: குடும்பத்துடன் மணிமுத்தாறு அருவிக்குச் செல்லவிருக்கிறோம். அருவியடித் தடாகத்தில் நீந்தலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: அருவியின் உயரம் ஏறத்தாழ 25 அடிதான் என்றாலும், நீர் விழுந்து விழுந்து குடைந்த கசம் (அருவியடி மடு) மிக ஆழமானது என்பதால், நீச்சலில் தேர்ந்தவர்கூட அதில் இறங்க வேண்டாம் என்பேன், வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் குளிப்பதே போதிய இன்பம். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் அருவிக்கு மேலே மலையில் உள்ள மாஞ்சோலைப் பக்கம் மழை பெய்தால் வெள்ளம் திடீரென வரும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரக் கண்டால், பிள்ளைகளைக் கைப்பிடித்து உடனே கரையேறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குளிக்கத் தடை விதிக்கப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எண்ணெயும் சோப்பும் அறவே வேண்டாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்து உயிர்கள் குடிக்கும் நீர் அது.