ஒத்தத் தலைவலிக்கு சுக்குப் பத்து போதுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, ஊரு முக்கூடல், வீட்டுல பீடி சுத்துதேன். மாசம் நாலஞ்சு தடவ இடது நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சு தல தெறிக்கி, வாந்தி வருது, வெளிச்சத்த பாக்க முடியல. கடையில மாத்திர வாங்கிப் போட்டுப் போட்டு இப்ப தெனமும் போடுத மாதிரி ஆயிட்டு. அத்தை சுக்குப் பத்து போடுதாவ. வீட்டு வைத்தியத்துலயே இது சரியாகுமா?

பதில்: தங்கச்சி, எனக்கும் இந்தத் தலைவலி 20 வருசமா உண்டு, அதனால ஒங்க கஷ்டம் புரியுது. வீட்டு வைத்தியம் வலி வந்த அன்னைக்கு தாங்கிப் புடிக்கும், அவ்வளவுதான். இந்த ஒத்தத் தலைவலி, அதாவது மைக்ரேன், ஒரு தடவ வந்தா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் கூட நிக்கும், அதனால லேசா தொடங்கும்போதே பீடித் தட்ட எறக்கி வச்சிட்டு ஜன்னல சாத்தி இருட்டுல படுத்துருங்க, ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு நெத்தியில போடுங்க, கொமட்டலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நிய மடக்கு மடக்கா குடிங்க. சுக்குப் பத்து சிலருக்கு எதமா இருக்கும், ஆனா கெட்டியா அரைச்சு அப்பி காய விட்டா தோலு வெந்துரும், கண்ணுல எறங்குனா அதவிட மோசம். பாசத்துல தைலத்த தேய்க்க வந்தாவன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, அந்த நெடியே சிலருக்கு வலியக் கூட்டிரும்.

எனக்கு பெரிய கவலை ஒங்க காலச் சாப்பாடுதான். பீடி சுத்துத பல பேரு அன்னைக்கு சுத்த வேண்டிய கணக்க முடிக்கணும்னு வெறும் காப்பிய குடிச்சிட்டு தட்ட மடியில வச்சு உக்காந்தா 11 மணி வரைக்கும் எந்திரிக்கதில்ல, கழுத்து குனிஞ்சபடியே இருக்கும், பொயிலத் தூளு நெடி மூக்குலயே நிக்கும், தண்ணி கூட குடிக்கதில்ல, இந்தப் பட்டினியும் நெடியும் மைக்ரேன கெளப்பி விடுதது தெரிஞ்ச விசயம். ரெண்டு இட்லியாவது தின்னுட்டு உக்காருங்கம்மா, முடிஞ்சா கதவ தெறந்து வச்சு காத்தோட்டமா சுத்துங்க, ராத்திரி ஒரே நேரத்துக்கு படுங்க.

அந்த மாத்திரைய நெனச்சாதான் எனக்கு பயமா இருக்கு. வலி மாத்திரைய மாசத்துல 10, 15 நாளுக்கு மேல மாசக்கணக்கா போட்டா மாத்திரையே தலைவலிய கொண்டு வரும், ஒங்களுக்கு அடிக்கடி வலிக்கதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்துங்க, அடிக்கடி வராம தடுக்க தனி மருந்தே இருக்கு. திடீர்னு இதுவரைக்கும் இல்லாத வலி, கை கால் மரத்துப் போறது, பேச்சு கொழறது, காய்ச்சலோட கழுத்து வெறைக்கது, இதுல ஒண்ணு வந்தாலும் பத்து அரைச்சிக்கிட்டு இருக்காம ஒடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

மத்தபடி ஒங்க ஊருலயே பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கே. வலி வந்த தேதி, என்ன தின்னீங்க, எத்தன மாத்திர, தீட்டு நாளு எல்லாத்தையும் ஒரு மாசம் காலண்டர்ல குறிச்சு, பீடி கார்டோட அந்தக் காலண்டர் தாளையும் கிழிச்சு எடுத்துட்டுப் போயி காட்டுங்க.