சளி பிடித்த அம்மா என்.ஐ.சி.யு.வுக்குள் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) போகலாமா?
32 வாரத்தில் பிறந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளையை, சளி பிடித்த அம்மா தொடலாமா என்று கேட்டிருக்கீங்க. முதலில் வார்டு நர்சிடம் சளியைச் சொல்லிவிடுங்க. அது குறையும்வரை உள்ளே விடமாட்டோம் என்றால் கோபப்படாதீங்க. பாலை மட்டும் நிறுத்த வேண்டாம்: 40 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க் கட்டி, பீய்ச்சி அனுப்புங்க. பாலில் போவது எதிர்ப்புச் சக்தி. கிருமி போவது கையிலும் இருமலிலும்தான். ஆர்.எஸ்.வி. என்கிற சளி வைரஸ் வழவழப்பான பரப்பில் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். செல்போன், வளையல், மோதிரம் எல்லாம் வெளியே!

‘காய்ச்சல் இல்லையே’ என்று நிம்மதியாகிவிடாதீங்க. பெரியவங்களுக்கு வெறும் மூக்கொழுகல், குறைமாதப் பிள்ளைக்கோ திடீரென்று மூச்சே நின்றுபோகலாம். ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம், வைரஸிடம் அது செல்லாது. வீடு வந்தபின் பாட்டி மூக்கில் தேங்காய் எண்ணெய் விட வந்தால் தடுத்துவிடுங்க. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.