லாக் நிரம்பினால் சர்வர் நிற்க வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதி மருந்துக்கடை ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை, கூட்டம் நெருக்கும் நேரத்தில், லினக்ஸ் சர்வர் தானாக அணைந்துவிட்டது. திரும்பப் போட்டாலும் அணைகிறது. ஆடிட் லாக், அதாவது யார் எப்போது எதைத் தொட்டார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவு, வைக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டதாம். "ஒரு வரிகூட விடுபடக் கூடாது" என்கிறார் தணிக்கையாளர். "கடை நிற்கக் கூடாது" என்கிறார் முதலாளி. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் சர்வரை எழுப்புங்கள். பழுதுபார்ப்பதற்கான ரெஸ்க்யூ மோடில் பூட் செய்து, பழைய லாக் கோப்புகளை வேறொரு டிஸ்குக்கு நகர்த்துங்கள். அழித்துவிடாதீர்கள். தணிக்கையாளர் முதலில் கேட்கப்போவதே அவற்றைத்தான்.

அப்புறம் ஆடிட் டீமனின் (பின்னணியில் ஓடி லாக்கை எழுதும் நிரல்) கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புக் கோப்பை, திறந்து பாருங்கள். லாக் கோப்பு நிறைந்தால் என்ன செய்வது என்ற வரியில் 'கீப் லாக்ஸ்' என்றும், இடம் தீர்ந்தால் என்ன செய்வது என்ற வரியில் 'ஹால்ட்' என்றும் இருக்கும் என்பது என் ஊகம். பாதுகாப்பு வழிகாட்டிப் பட்டியல்களிலிருந்து அப்படியே எடுத்துப் போடப்படும் ஜோடி இது. பழையதை அழிக்காதே, இடமில்லாவிட்டால் நின்றுவிடு. இரண்டையும் சேர்த்து வைத்து, லாக்கை எடுத்து வேறிடம் வைக்க ஆளில்லாமல் விட்டால், சர்வர் என்றைக்காவது நின்றே தீரும். உங்களுக்கு அது சனிக்கிழமையாகப் போய்விட்டது.

'ஹால்ட்'டை எடுத்துவிட்டு 'சஸ்பெண்ட்' போடலாமா என்று தோன்றும். கடை ஓடும், ஆனால் லாக் எழுதுவது சத்தமில்லாமல் நின்றுவிடும். என்னைக் கேட்டால் அது இன்னும் மோசம். கடைக்கு 'ரொட்டேட்' போதும். பழைய கோப்பு போய்ப் புதியது வரும். ஆனால் பழையது அதற்குள் வேறொரு இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். லாக்கை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு அனுப்புங்கள். அங்கே உங்கள் கணக்குக்கே அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஃபைபர் அறுந்தால் வரிசையில் காத்திருந்து பிறகு போகும்படி, அனுப்பும் பக்கத்தில் டிஸ்க் க்யூவும் வையுங்கள்.

டிஸ்கில் இடம் குறைகிறது என்று எச்சரிக்கும் அளவையும் மாற்றுங்கள். இயல்பாக அது 75 எம்பி மீதமிருக்கும்போதுதான் வரும். நெருக்கடியான சர்வரில் அது சில நிமிடத்துத் தீனி. 25 சதவீதம் மீதமிருக்கும்போதே வரும்படி வையுங்கள். எச்சரிக்கையை மின்னஞ்சலில் கேட்டாலும், இயல்பாக அது சர்வரின் தலைமைக் கணக்கான ரூட்டின் பெட்டிக்குத்தான் போகும். யாரும் திறக்காத பெட்டி அது. நான் ஒரு இடத்தில் திறந்தபோது மாதக்கணக்கான எச்சரிக்கைகள் படிக்கப்படாமல் கிடந்தன. உங்கள் கைபேசிக்கு வரும் முகவரியைக் கொடுங்கள்.

லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) பார்த்த ஊர் என்பதால் இன்னொன்று. இயல்பான அமைப்பில் 50 பதிவுகளுக்கு ஒருமுறைதான் டிஸ்கில் உறுதியாக எழுதச் சொல்லும். திடீரென்று மின்சாரம் போனால் கடைசிச் சில வரிகள் போய்விடலாம். யுபிஎஸ்ஸின் பேட்டரி தீருமுன் சர்வர் ஒழுங்காக அணைகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

இவ்வளவு லாக் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். இரவு பேக்கப் ஒவ்வொரு நோயாளி கோப்பையும் திறக்கும்போதெல்லாம் ஒரு வரி விழுந்தால், உங்கள் டிஸ்கைத் தின்பது பேக்கப்தான். அதற்கு விலக்கு கொடுங்கள். பேக்கப் பயனருக்கு அல்ல, அந்த நிரலுக்கு மட்டும். பயனரையே விலக்கினால், அந்தக் கணக்கைத் திருடியவனுக்குத் திறந்த கதவாகிவிடும்.

தணிக்கையாளரிடம், தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் உங்கள் நாட்டுச் சட்டமான போபியாவின் 19ஆம் பிரிவைக் காட்டுங்கள். தகுந்த, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைத்தான் அது கேட்கிறது. லாக் நின்றால் சர்வரை அணைக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கடும் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் 6 மருந்துகளுக்குப் பதிவேடு தனியாகவே கட்டாயம் என்பதையும் சொல்லுங்கள். சர்வர் லாக்கில் ஓட்டை விழுந்தால், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏன், யார் கவனித்தது என்று அன்றே எழுதிக் கையெழுத்திட ஒரு நோட்டும் வையுங்கள். இந்தச் சனிக்கிழமைதான் அதன் முதல் பக்கம்.

'ஹால்ட்' தேவைப்படும் இயந்திரங்களும் உண்டு. கடைக்குப் பின்னால் எல்லோருடைய கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் சர்வர் இருந்தால், அதில் அந்த வரியைத் தொடாதீர்கள்.