பல நிறுவனங்கள் பகிரும் மென்பொருள் சேவையில் சுமைச் சோதனை எங்கே தவறுகிறது?

"ஆயிரம் பயனர்களை வைத்துச் சோதித்தோம், சராசரி நன்றாக இருந்தது, ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தாமதம்?" என்று சுமைச் சோதனை (பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதுபோல் சேவையைச் சோதிப்பது) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் சராசரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 99 கோரிக்கைகள் 100 மில்லிவினாடியிலும் ஒன்று 10 வினாடியிலும் முடிந்தால் சராசரி 199 மில்லிவினாடிதான். மொத்தக் கோரிக்கைகளில் அரை சதவீதமே அனுப்பும் சிறு நிறுவனத்துக்கு எல்லாமே தாமதமானாலும் ஒட்டுமொத்த 99ஆவது சதமானம் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேர அளவு) அசையாமல் இருக்கலாம். அளவீடுகளை வாடிக்கையாளர் வாரியாகப் பிரியுங்கள். இதில் சமரசமே கூடாது.

சோதனைத் தரவையும் சமமாக நிரப்பாதீர்கள். ஒருவருக்கு ஒரு கோடிப் பதிவுகள், மற்றவர்களுக்குச் சில நூறு என்று வையுங்கள். பெரிய வாடிக்கையாளர் ஆண்டறிக்கைகள் எடுக்கும் அதே நொடியில் சிறிய வாடிக்கையாளர் உள்நுழையட்டும். சேவை ஒரே நேரத்தில் தரவுத்தளத்தோடு வைத்திருக்கும் இணைப்புகள் 20தான் என்றால், அத்தனையையும் அறிக்கைகளே பிடித்துக்கொள்ளலாம்; உள்நுழைவு வெளியே காத்து நிற்கும். அப்போதும் சர்வரின் சிபியு ஓய்வாகவே தெரியலாம்! இங்கே சர்வரைக் கூட்டிப் பயனில்லை. ஒருவர் எடுக்கும் இணைப்புகளுக்கு உச்சவரம்பு வேண்டும்.

சுமையை அனுப்பும் கருவி ஜேமீட்டரோ கே6ஓ, எதுவானாலும் சரி. பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கை என்று அமைத்தால், சேவை திணறும்போது சுமையும் தானாகக் குறைந்து, உண்மையான தாமதம் மறைந்துவிடும். பதிலுக்குக் காத்திராமல், வினாடிக்கு இத்தனை கோரிக்கைகள் என்று மாறாத வேகத்தில் அனுப்புங்கள்.